நடந்து கடப்பவர்கள்

ஜூஜூவாடியில் நள்ளிரவுக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் வாகன இரைச்சலில் வேறுபாடு கிடையாது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் இது. வடக்கே கூப்பிடு தூரத்தில் அத்திப்பள்ளி, கர்நாடகம். டீசல் அந்தப் பக்கம் விலை குறைவு என்பதால் லாரிகள் அங்கேயே டாங்கை நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டுகின்றன. மகாராஷ்டிரப் பதிவெண், ராஜஸ்தான் பதிவெண், நாகாலாந்துப் பதிவெண் என்று எல்லா ஊர் வண்டியும் வருகிறது. அவற்றுக்கு நடுவே, சாலையின் ஓரத்தில், மண்ணும் ஜல்லியும் கலந்த ஒரு முழ அகலத்தில் மனிதர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். கொத்தனார், சித்தாள், பெயிண்டர், அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலுக்குப் போகும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள். ரோஜாக் கட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி மடியோடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார். ஓசூர் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் வந்து இறங்கியவர். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; எந்த ஊர்க்காரர் என்றும் கேட்பதில்லை. அத்திப்பள்ளியில் ஏறும் பெங்களூர் மாநகரப் பேருந்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் அங்கே கர்நாடக முகவரியுள்ள அட்டை வேண்டும்.

“ஆதார் தோரிசி, அம்மா.”

“தமிழ்நாட்டு அட்ரஸ்ங்கண்ணா. டிக்கெட்டே குடுத்துடுங்க.”

நடத்துநர் தலையசைத்துக் கிழித்துக் கொடுக்கிறார். தினமும் நடக்கும் பேச்சு போலிருக்கிறது. இருவர் முகத்திலும் சலிப்பில்லை. எல்லைக்கோடு இங்கே சட்டத்தில் இருக்கிறது, சம்பளத்தில் இருக்கிறது, டீசல் விலையில் இருக்கிறது. பேச்சில் இல்லை. ஒரே வாயில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வந்து போகும் ஊர். “பன்னி பன்னி, மடிவாளா, மெஜஸ்டிக்!” என்று கூவிய அதே ஆள், ஓடிவரும் கிழவரைப் பார்த்து “மெதுவா வாங்க தாத்தா, வண்டி நிக்கும்” என்கிறார்.

2017 ஜூலை 1ஆம் தேதி வரை இங்கே வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. சரக்கு லாரிகள் கணக்குச் சீட்டில் முத்திரை வாங்க வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். ஜிஎஸ்டி வந்ததும் நாடு முழுவதும் எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்குக்கு அது பெரிய விடுதலை. நடப்பவருக்கு வேறு விதமாக விடிந்தது. லாரிகள் நின்ற காலத்தில் அவற்றின் இடுக்கில் புகுந்து அக்கரை சேர வழியிருந்தது. நிற்காமல் ஓடும் சாலையில் இடுக்கே இல்லை. சாலையைச் சீராக்கும் ஒவ்வொரு நல்ல காரியத்திலும் குறுக்கே கடக்கிறவரைப் பற்றி யாரோ ஒருவர் நினைத்திருக்க வேண்டும் என்று இங்கே நின்றால் தோன்றும்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர். ஒரு செய்தித்தாள் நாலு துண்டாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்கிறது. அதிகம் கை மாறுவது கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திகள் வரும் பக்கம். ஒரு வாரம் அந்தப் பக்கத்தைப் படித்தால் இந்த மாவட்டத்தின் குணம் தெரிந்துவிடும். கர்நாடகத்துக்குக் கடத்த இருந்த ரேஷன் அரிசி பறிமுதல். காரில் வந்த குட்கா மூட்டை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் எத்தனை கன அடி. யானைக் கூட்டம் எந்தக் காட்டில் நிற்கிறது, எந்த ஊர்க்காரர்கள் இரவில் வெளியே வரவேண்டாம். பிறகு, கீழே ஒரு மூலையில், மூன்று வரியில் ஒரு விபத்து.

“எந்த எடம்னு போட்டிருக்கான்?”

“பேரண்டப்பள்ளி கிட்ட.”

“யாராம்?”

“நடந்து போனவராம். அடையாளம் தெரியாத வண்டி.”

கேட்டவர் டீயை உறிஞ்சுகிறார். தாள் அடுத்தவரிடம் போகிறது. அடுத்தவர் தக்காளி விலையைப் பார்க்கிறார். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இன்னும் கால்மணி நேரத்தில் இதே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு தினமும் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

செய்தி எழுதியவரையும் குறை சொல்வதற்கில்லை. தாலுகா நிருபர் ஒருவர், ஒரே நாளில் கூட்டுறவுச் சங்கக் கூட்டம், கோவில் கும்பாபிஷேகம், ஆட்சியர் ஆய்வு, விபத்து எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்து அனுப்ப வேண்டும். இறந்தவர் வயது, எந்தக் காவல் நிலையம், உடல் எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது, இவ்வளவும் அவர் சரியாக எழுதிவிடுகிறார். அந்த மனிதர் எதற்காக அக்கரை போக நினைத்தார்? பஸ்ஸுக்கா, பால் வாங்கவா, நிலத்துக்கா? பக்கத்திலிருந்த சுரங்கப்பாதை எவ்வளவு தூரம்? அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா? அதே இடத்தில் போன ஆண்டு எத்தனை பேர்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் மூன்று வரி ஏழு வரியாகும். அந்த நான்கு வரிக்கு ஒரு விளக்குக் கம்பம் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கம் நின்றால்தான் ஓசூர் எவ்வளவு பெரிய ஊர் என்று புரியும். ஷிப்ட் மாறும் நேரம். 1980ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் வந்து, சில ஆண்டுகளில் டைட்டன் கடிகாரமும் வந்தபோது, ஓசூர் ராகி வயல்களுக்கு நடுவே இருந்த தாலுகா தலைமையிடம். 2019இல் மாநகராட்சி ஆனது. இப்போது ஏத்தர் மின் ஸ்கூட்டர், திம்ஜேப்பள்ளி பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், மாவட்டத்தின் தென்கிழக்கே போச்சம்பள்ளியில் ஓலா. நாட்டின் சாலைகளில் ஓடும் எத்தனையோ வண்டிகள் இந்த மாவட்டத்தில் பிறக்கின்றன. அவற்றைச் செய்கிற கைகள் கேட்டுக்கு வெளியே வந்ததும் கால்நடையாகச் சாலைக்கு வருகின்றன.

நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி பஸ் இருக்கிறது. வரிசையாக நின்று வரிசையாகக் கிளம்புகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஷேர் ஆட்டோ, அதுவும் கிடைக்காவிட்டால் கால். கேட் திறந்ததும் நீலச் சட்டைகள், சாம்பல் சட்டைகள், சுடிதாருக்கு மேல் போட்ட கம்பெனி கோட்டுகள். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், ராயக்கோட்டை கிராமத்துப் பெண்கள் ஒரு கூட்டம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் பொது மொழி இல்லை. சாலை ஓரத்துக்கு வந்ததும் எல்லாரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆற்றில் இறங்குமுன் ஆழம் பார்ப்பவர்போல் முன்னால் நிற்கும் பெண் ஒரு காலை எடுத்துவைத்துப் பார்க்கிறாள். பின்னால் இருப்பவர்கள் அவள் துப்பட்டாவையும் பைவாரையும் பிடித்துக்கொள்கிறார்கள். “அப்புறம், அப்புறம்… இப்ப வா!” ஆறேழு பேர் ஒரே ஓட்டமாக நடுத்தடுப்பு வரை. அங்கே ஒரு மூச்சு. தடுப்புச் சுவரில் ஒரு கல் பெயர்ந்த இடத்தில், செவ்வரளிச் செடிகளுக்கு நடுவே தடம் விழுந்திருக்கிறது. எத்தனை ஆண்டுக் கால்கள் போட்ட தடமோ. பிறகு அடுத்த பாதி.

அவர்கள் ஏன் தள்ளியிருக்கும் சுரங்கப்பாதைக்குப் போவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால் அது. பஸ் எதிரே வந்துகொண்டிருக்கிறது. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஊருக்குப் போய்ச் சேர்ந்து, தண்ணீர் பிடித்து, குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வருமுன் அடுப்பு மூட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அந்தப் பெண் காலை எடுத்துவைக்கிறாள். அவளிடம் சாலை விதி பேசுவதற்கு முன் அவள் கடக்கும் இடத்தில் ஒரு வழி செய்திருக்க வேண்டும்.

எல்லாரும் போனபின் வயதான ஓர் அம்மா வருகிறார். துப்புரவு வேலை செய்பவர் என்பது கையுறையிலிருந்து தெரிகிறது. அவர் ஓடவில்லை. வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, நேராக நடக்கிறார். வந்துகொண்டிருந்த கண்டெய்னர் லாரி வேகம் குறைகிறது. ஓட்டுநர் கியரை இறக்கும் சத்தம் கேட்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த லாரி ஓட்டுநரை யாரும் பாராட்டப் போவதில்லை. அந்தச் செய்கை எந்தத் தாளிலும் வராது. இந்தச் சாலையில் ஒவ்வொரு நாளும் ஏராளமானோர் உயிரோடு வீடு சேர்வது, முன்பின் தெரியாத ஓட்டுநர்கள் பிரேக்கில் வைக்கும் காலால்தான்.

இடையில் ஒரு காட்சியையும் சொல்லிவிட வேண்டும். லேலண்ட் ஆலையிலிருந்து சேஸிகள் வெளியே வரும். கூண்டு கட்டாத, வெறும் சட்டமும் எஞ்சினும் சக்கரமுமாக. அதை ஓட்டிச் செல்பவர் தலையைத் துண்டால் சுற்றி, கண்ணாடி மாட்டி, திறந்த வெளியில் உட்கார்ந்து நாமக்கல்லுக்கோ கரூருக்கோ கூண்டு கட்டும் பட்டறைக்குப் போவார். வெயிலும் மழையும் தூசியும் நேராக முகத்தில். பெரிய வண்டியின் ஓட்டுநர்களிலேயே நடப்பவரின் நிலையை அறிந்தவர் அவர்தான். இருவருக்கும் சுற்றிச் சுவர் இல்லை.

இரு மாநிலங்களுக்கும் சண்டை வரும்போது இந்தச் சாலையில் நடப்பவர்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, குடும்பம் குடும்பமாக மூட்டைகளோடு ஓசூருக்கு வந்து சேர்ந்தார்கள். அதைப் பார்த்த தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி காவிரிப் போராட்டத்தில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றன, கர்நாடகப் பேருந்துகள் அத்திப்பள்ளியோடு நின்றன. நடுவில் இருந்த தூரத்தை மக்கள் நடந்தார்கள். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மருத்துவமனைக் கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

2020இல் கொரோனா ஊரடங்கின்போதும் அதே நடை. பொது முடக்கம் தளர்ந்த பின்னரும் மாநிலங்களுக்கு இடையே பேருந்து விடவில்லை. அந்தத் தீபாவளிக்குத்தான் கர்நாடகத்துக்குப் பேருந்து ஓடியது. அதுவரை ஜூஜூவாடி வரை ஒரு பஸ், எல்லையை நடந்து, அத்திப்பள்ளியிலிருந்து இன்னொரு பஸ் என்று வேலைக்குப் போனவர்கள் உண்டு. 2023 செப்டம்பர் 26ஆம் தேதி பெங்களூர் பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த். மீண்டும் காவிரி. கன்னட அமைப்புத் தலைவர் வாட்டாள் நாகராஜ் அத்திப்பள்ளிக்கு வந்து மறியல் செய்வது இந்தப் பகுதிக்குப் பழகிய செய்தி. அவர் வருகிறார் என்றால் ஜூஜூவாடியில் பேருந்துகள் திரும்பும் என்று டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படி ஒரு பந்த் நாளில் நடந்தவர்களை ஓரமாக நின்று பார்த்தேன். ஆறு வழிச் சாலையில் வண்டி இல்லை. மனிதர்கள் சாலையின் நடுவில், தாரின்மேல், அவசரமில்லாமல் நடந்தார்கள். ஒரு பெரியவர் அடிக்கடி நின்று மூச்சு வாங்கினார். அத்திப்பள்ளிப் பக்கம் காவலுக்கு நின்ற காவலர் ஒருவர், கன்னடத்தில் ஏதோ கேட்டு, அவர் பையை வாங்கித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை தூக்கிவந்து கொடுத்தார். இந்தப் பக்கம் நின்ற தமிழ்நாட்டுக் காவலர் அதை வாங்கி ஆட்டோவில் வைத்தார். தண்ணீருக்காக இரண்டு அரசுகள் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்த நாளில் பை கைமாறியது. எல்லையோர ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. ஊருக்குள் இருந்து செய்தி பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. காவிரி கேட்டால்தான் வருகிறது. தென்பெண்ணை கேட்காமலே வருகிறது, ஆனால் எதைச் சுமந்துகொண்டு வருகிறது என்பதுதான் துயரம். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக் காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை மலையாக எழும்பும். நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தை நுரை மூடிவிட்டால் பாதை தெரியாது. காவலர்கள் கயிறு கட்டிப் போக்குவரத்தை நிறுத்துவார்கள். பள்ளிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போவார்கள். வெளியூர்த் தொலைக்காட்சிகள் நுரையைப் படம் பிடித்துப் போடும். துர்நாற்றத்தைப் படம் பிடிக்க முடியாது. அதைச் சுவாசிப்பவர்கள் ஆற்றோரத்துக் கிராமத்தார்.

ஓசூரைத் தாண்டித் தெற்கே பேரண்டப்பள்ளி. இங்கே நடந்து கடப்பவர்களில் யானைகளும் உண்டு. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம் வழியாகச் சானமாவு காட்டுக்கு ஆண்டுதோறும் ராகி முற்றும் காலத்தில் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அவற்றின் பாட்டிகள் நடந்த பாதை அது. நடுவில் நெடுஞ்சாலை பின்னால் வந்தது. கார்த்திகை, மார்கழி இரவுகளில் ராகிக் களத்தில் பரண் கட்டி, தகர டப்பாவும் பட்டாசுமாகக் குடியானவர்கள் காவல் இருப்பார்கள். ஒரு பக்கம் வருடத்து உழைப்பு, மறுபக்கம் பசி. யானை மிதித்து இறந்தவர் செய்தியும், மின்வேலியில் சிக்கி இறந்த யானை செய்தியும், வாகனம் மோதிய யானை செய்தியும் இந்த மாவட்டப் பக்கத்தில் மாறி மாறி வந்திருக்கின்றன.

கூட்டம் சாலையைக் கடக்கப் போகிறது என்று தெரிந்ததும் வனத்துறை ஊழியர்கள் டார்ச் விளக்கோடு இரு பக்கமும் வந்து நிற்கிறார்கள். போலீஸ் ஜீப் ஒன்று குறுக்கே நிறுத்தப்படுகிறது. வண்டிகள் நிற்கின்றன. முகப்பு விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். அணைகின்றன. ஹாரன் அடிக்க வேண்டாம் என்கிறார்கள். அடிக்கவில்லை. இருட்டில் முதலில் ஒரு பெரிய பெண் யானை சாலையோரம் வந்து நின்று மோப்பம் பிடிக்கும். குட்டிகள் நடுவில். கடைசியாக வருவது ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். ஏறினால் பெங்களூர், இறங்கினால் சேலம் என்று பறக்கும் சாலை பொறுமையாக நின்றது. இந்தச் சாலையால் நிற்க முடியும். அதற்கு அறிவு இருக்கிறது, ஆள் இருக்கிறது, மனமும் இருக்கிறது. பேரண்டப்பள்ளியில் அதைக் கண்ணால் பார்த்தபின், சிப்காட் பெண்களுக்கு இது முடியாது என்று யார் சொன்னாலும் ஏற்க முடியவில்லை.

அதே சாலையில் இன்னும் போனால் சூளகிரி, மேலுமலை. 2016 ஜூனில் மேலுமலை அருகே லாரி நடுத்தடுப்பைத் தாண்டிப் பேருந்தில் மோதிப் பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். மலைச் சரிவில் வேகம் தானாகக் கூடும் இடம். சாமல்பள்ளம், மேலுமலை, போலுப்பள்ளி என்று விபத்துப் பேர் பெற்ற இடங்களில் மேம்பாலம் கட்டும் வேலைகள் வந்தன. வேலை நடக்கும்போது வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் தேங்கின; தேங்கியதும் செய்தியானது. தாமதமாக வந்தாலும் அவை தேவையான பாலங்கள். அவற்றைக் கேட்டு மறியல் செய்த ஊர்க்காரர்கள்மேல் கோபப்பட்ட பயணிகள், இன்று பாலத்தின்மேல் போகும்போது அவர்களை நினைக்க வேண்டும்.

போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதைத் தளி மலைக் கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெளிநோயாளி சீட்டும் கையுமாகப் பேருந்திலிருந்து இறங்கும் கிழவி, கண் கட்டுப் போட்ட கணவரைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார். அவர் கண்ணுக்குக் கட்டு. இவருக்கோ கண்புரை. இருவருமாகச் சாலையைப் பார்க்கிறார்கள். மருந்துக்கடைப் பையன் ஓடிவந்து, “இருங்க ஆயா” என்று கூட வருகிறான். அவனுக்கு இது வேலை இல்லை. தினமும் செய்கிறான் போலிருக்கிறது.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லையோர மாவட்டத்தில் அதன் அருமை தெரியும். அடிபட்ட பின் காக்கும் இந்த அக்கறை, அடிபடும் முன் ஒரு நடைபாதைக்கும் வர வேண்டும்.

கிருஷ்ணகிரியில் தேசிய நெடுஞ்சாலைகள் கூடுகின்றன. பெங்களூர், சென்னை, சேலம், திண்டிவனம், குப்பம் என்று ஐந்து திசை. ஆனி மாதம் மாம்பழக் காலம். சாலையோரம் முழுக்கக் கூடைகள். மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை. வரிசை நகர இரவாகிவிடும். குடியானவர்கள் டிராக்டருக்கு அடியில், சாலை விளிம்பில் படுக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு செங்கல்லும், அதன்மேல் எரியும் கைப்பேசி விளக்கும் மட்டும் காவல்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் ஆண்டறிக்கை சொல்கிறது. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதே ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105. நல்ல சாலை, நிறைய வண்டி, ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு எல்லாம் அதற்குக் காரணமாகலாம். அதனால் எண் ஆறுதலாகிவிடாது. சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அறுவை மேசைக்கு வந்த உடல்களைப் பார்த்துச் சலித்தவர் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025 மே மாதம், பயன்படுத்தத் தக்க நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ஜூஜூவாடியின் ஒரு முழ மண்ணில் நடப்பவருக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

பெரிய திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட் 11 முதல் பொம்மசந்திரா வரை ஓடுகிறது. அதை ஓசூர் வரை நீட்ட ஆய்வு நடந்தது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரைச் சுற்றும் வெளிவட்டச் சாலையும் ஓசூரைத் தொட்டுச் செல்கிறது. இவை எல்லாம் வரவேண்டும். இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். இவற்றின் செலவோடு ஒப்பிட்டால் மூக்கண்டப்பள்ளியில் ஒரு நடைமேம்பாலமும், ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளி வரை கைப்பிடியும் விளக்கும் உள்ள ஒரு நடைபாதையும் மிகச் சிறிய தொகை. இரண்டு மாநிலங்கள் சேர்ந்து போட வேண்டிய பாதை அது. இரண்டு மாநிலத்தாரும் நடக்கும் பாதையும் அதுவே.

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடந்து போனவர் இறந்தார் என்ற மூன்று வரியைப் படித்ததும் தாளை அடுத்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடக்க வழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். வெள்ளைத் தாளில், தமிழில் எழுதினால் போதும்.